தவளைக் காரும் என் தலை ஆடியும்

கொல்லிமலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்த வீடு அடிவாரத்தில், சேந்தமங்கலம். கணவர் ரோடு வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டரிடம் மெக்கானிக். லாரி, ரோலர், கல் உடைக்கிற மெஷின் என்று டீசல் குடிக்கிற எது படுத்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். மலைமேல் ரோடு முடிகிற இடத்தில் வேலைக்காரர்களுக்காகத் தகரக் கொட்டகைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றுதான் எங்கள் வீடு.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடையது என்று ஆகிவிட்டால் அதை இன்னொருவர் தொடக்கூடாது. சின்ன வயதில் என் தட்டில் அக்கா சாப்பிட்டுவிட்டால் எனக்குச் சோறே வேண்டாம் என்று எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குப் புருஷன் என்று ஒருவர் வாய்த்தால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவருக்கு யாராவது ஒரு டம்ளர் டீ கொடுத்தார்கள் என்று தெரிந்தால்கூட, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, சர்க்கரை எவ்வளவு என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் விடுவேன்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள். வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் இருந்தது. அதன் சொந்தக்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா காலமான பிறகு தனியாகவே நிர்வாகம் பார்த்து வந்தார். கறுப்புக் கண்ணாடி, கால்சட்டை, விரலில் சுழலும் சாவிக்கொத்து. அவர் போகிற வழியில் கல் உடைப்பவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அவருடைய அப்பா எப்போதோ ஒரு ஜமீனிடமிருந்து வாங்கிய சிவப்பு நிற வெளிநாட்டுக் கார் ஒன்று இருந்தது. பழைய வண்டிதான். ஆனால் பந்தயத்துக்கென்று செய்த வண்டி என்பார்கள். தரையோடு தரையாக, முன்பக்கம் சப்பையாக, இரண்டு விளக்குகளும் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டே பேர்தான் உட்கார முடியும். மலை ஜனங்கள் அதற்குத் தவளைக் கார் என்று பேர் வைத்திருந்தார்கள். தார் ஊற்றாத ரோட்டில், வயிறு கல்லில் தட்டத் தட்ட அந்தம்மா அதை மேலே ஓட்டி வந்துவிட்டார்.

வந்த கொஞ்ச நாளில் அது இருமத் தொடங்கியது. மற்றக் கார்களில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கக் கார்புரேட்டர் இருக்குமாம். இந்தத் தவளைக்கு அது கிடையாது. டீசல் லாரிக்கு இருப்பதுபோல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். விரல் நீளக் குழாய். பெட்ரோலை நேராக எஞ்சினுக்குள் பீய்ச்சுவது அதன் வேலை. ஆறில் ஒன்று வேலை செய்யவில்லை. கார் மெக்கானிக் யாருக்கும் அது பழக்கமில்லாத சமாச்சாரம், டீசல் ஆட்களுக்குத்தான் கை வரும். மலையில் அப்போது அப்படி ஒரு கைதான் இருந்தது. அது என் வீட்டுக்காரருடையது.

"கழட்டித் துடைச்சு மாட்டுனா சரியாப் போயிரும் அம்மணி. ஒரு மணி நேர வேலை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாயும் நேரத்தில் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். இன்ஜெக்டர் அசையவே இல்லையாம்.

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கான்ட்ராக்டர் வேலை முடிந்ததும் முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு போனார். கிரீஸில் முழுகப் போகிறவருக்குத் தலை எதற்கு வார வேண்டும்? கேட்டேன். "பெரிய எடத்துக்குப் போறமில்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் தலை கலைந்துதான் இருந்தது.

திரும்பி வந்து களி தின்னும்போது முழுக்க அந்தக் கார் பேச்சுத்தான். எஞ்சினை அவர்கள் எப்படிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அலுமினியத்தை எப்படி இழைத்திருக்கிறார்கள், அந்தம்மாவுக்கு ஸ்பேனர் சைஸ் எல்லாம் எப்படி அத்துப்படி என்று அடுக்குவார். "கையை நீட்டுனா சரியான ஸ்பேனரை வெக்கறாங்க. கேக்கவே வேண்டியதில்ல" என்று ஒரு நாள் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் கை நீட்டினால் நான் மோர் ஊற்றவில்லை. கேட்ட பிறகுதான் ஊற்றினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த நேரம் பார்த்து ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் தலை ஆடி என்றால் பெரிய விசேஷம். ஆடி ஒன்றாம் தேதி புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டில் அழைத்து விருந்து வைப்பார்கள். அன்றைக்குத் தேங்காய் சுடுவோம். தேங்காயின் கண்ணைத் திறந்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சில் குச்சியைச் செருகி நெருப்பில் வாட்டுவோம். அது தித்திப்பு. கசப்பு என்னவென்றால், விருந்து முடிந்ததும் மாப்பிள்ளை மட்டும் திரும்பிவிட வேண்டும். பெண் அந்த மாதம் முழுக்கத் தாய் வீட்டில் இருக்க வேண்டும். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று காரணம் சொல்வார்கள். ஆவணி பிறந்த பிறகுதான் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார்.

இப்போது என் நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு மாதம் நான் கீழே. அவர் மேலே. கூடவே தவளைக் காரும் அதன் சொந்தக்காரியும். அந்த இன்ஜெக்டர் ஆடி பிறப்பதற்குள் கழன்றாக வேண்டும். கழன்றால் வேலை முடியும், வேலை முடிந்தால் அவர் எஸ்டேட் பக்கம் போக மாட்டார். அதுவரை எனக்குத் தூக்கம் கிடையாது. மலையில் இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். இன்ஜெக்டர் கழல வேண்டும் என்று எட்டுக்கை அம்மனிடம் வேண்டிக்கொண்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு நானே எஸ்டேட்டுக்கு நடந்தேன். புருஷனுக்குப் பசிக்கும் என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். மிளகுக் கொடிகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதை. கார் நிற்கிற ஷெட்டின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"வா கண்ணு... கொஞ்சம் அசைஞ்சு குடு... என் சாமியில்ல... இப்படி அடம் புடிச்சா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

கல்யாணமாகி இத்தனை மாதத்தில் என்னை ஒரு தடவை அவர் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டியைக்கூடக் கண்ணு என்பார்கள். எனக்கு மட்டும் 'ஏம்புள்ள', 'அம்மணி', அவ்வளவுதான். கதவை ஓர் உதை விட்டேன்.

பானெட் திறந்திருந்தது. அவர் குப்புறக் கவிழ்ந்து எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். இரண்டு கையாலும் அந்த இன்ஜெக்டரைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருகிக்கொண்டிருந்தார். அந்தம்மா எட்ட ஒரு டின்மேல் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரைக் கண்ணுன்னீங்க?" என்றேன்.

"இதைத்தான்" என்று இன்ஜெக்டரைக் காட்டினார்.

அந்தம்மா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டின்னை விட்டு எழுந்து, "உக்காருங்க அம்மணி. அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க" என்று எனக்கு இடம் விட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் புருஷன் இருக்கும் இடத்தில் எனக்கு இடம் கொடுக்க இவர் யார்? உட்காராமல் சோற்றை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "ஏம்புள்ள, நீ வேணா கேம்ப் லாரியில முன்னால போயிரு. நான் வேலைய முடிச்சுட்டு எப்படியாச்சும் பின்னால வந்துர்றேன்" என்றார்.

மாப்பிள்ளை இல்லாமல் தலை ஆடிக்குப் போய் நின்றால் தெரு என்ன பேசும்? என் அம்மா எத்தனை பேருக்குப் பதில் சொல்வாள்? அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு வெளியே போனேன். போனவள், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டையை மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். ஆமாம், மோந்துதான் பார்த்தேன். அந்தம்மா பக்கத்தில் நின்றால் ஏதோ சென்ட் வாசனை வரும். அது சட்டையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் எனக்கு.

சென்ட் வாசனை இல்லை. மண்ணெண்ணெய் நாற்றம் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வாசனை. பலாப்பழ வாசனை. பழம் என்றுகூடச் சொல்ல முடியாது, பலாப்பால் தீய்ந்தால் வருமே, அந்த வாசனை. கைப்பட்டியில் கறுப்பாக ஒரு பிசுக்கு. கசக்கினால் விரலில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுத்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆனியில் மலை முழுக்கப் பலாப்பழம். எஸ்டேட்டில் கேட்கவே வேண்டாம். எனக்கு ஒரு சுளை கொண்டுவராத மனுஷன் அங்கே உட்கார்ந்து பலாப்பழம் உரித்துத் தின்றிருக்கிறார். யார் உரித்துக் கொடுத்தார்களோ! சட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவர் மடியில் போட்டேன்.

"ஏனுங்க, பழம் இனிச்சுதுங்களா?"

"என்ன பழம்?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. பலாப்பாலு கையெல்லாம் ஒட்டியிருக்குது. வாசம் ஊரைத் தூக்குது. ரெண்டு பேரும் உக்காந்து தின்னுபோட்டு, வேலை ஆகலை வேலை ஆகலைன்னு எங்கிட்ட வந்து பசப்பறீங்க!"

"சத்தியமா நான் பலாப்பழமே தொடலை புள்ள. இன்னிக்கு எஞ்சினைச் சூடு ஏத்திட்டுத் திருகிப் பார்த்தேன். அப்பத்தான் அந்த இன்ஜெக்டர் ஓரத்துல இருந்து கறுப்பா என்னமோ..."

பாதியில் நிறுத்திவிட்டார். சட்டையின் கைப்பட்டியை எடுத்து அவரும் மோந்தார். விரலில் இழுத்துப் பார்த்தார். மறுபடி மோந்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவே மாட்டேன். "ஐயோ, கண்ணு!" என்றார்.

அப்போது அவர் சொன்ன கண்ணு எனக்குத்தான். பக்கத்தில் இன்ஜெக்டர் எதுவும் இல்லை.

அந்த நேரத்துக்கே என்னையும் இழுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு ஓடினார். அங்கே வண்டி துடைக்கிற காவல்காரரைக் கூப்பிட்டு, இன்ஜெக்டரில் பலாப்பால் எப்படி வந்தது என்று விசாரித்தார்கள். குண்டனி நாட்டுக்காரர், நல்ல மனுஷர். கேட்டதும் பெருமையாகவே ஒப்புக்கொண்டார். சில வாரம் முன்னால் வண்டி துடைக்கும்போது அந்த இடத்தில் கறுப்பாகக் கசிவதையும் புகை வருவதையும் பார்த்திருக்கிறார். மலையில் பானை ஒழுகினால் என்ன செய்வார்கள்? பலாப்பாலைச் சாம்பலோடு பிசைந்து அடைப்பார்கள். அதற்கென்றே அடுப்புக்கு மேலே ஒரு குச்சியில் பலாப்பால் உருண்டை சுற்றி வைத்திருப்பார்கள். இவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

"அதுக்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகுச்சுங்களா சாமி? சொல்லுங்க!" என்று என் வீட்டுக்காரரிடமே திருப்பிக் கேட்டார்.

ஒழுகவில்லைதான். உருகி இன்ஜெக்டரைச் சுற்றி உள்ளே இறங்கி, எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து, கரியோடு சேர்ந்து இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. கரி பிடித்திருக்கிறது என்று நினைத்து என் வீட்டுக்காரர் இத்தனை நாளும் மண்ணெண்ணெயாக ஊற்றி ஊற்றி ஊற வைத்திருக்கிறார். அது மேலோடு நின்றுவிட்டது. அந்தம்மாதான் விழுந்து விழுந்து சிரித்தார். காவல்காரரும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆடி பிறக்கப் போகிற கவலை.

மறுநாள் வேலை மளமளவென்று நடந்தது. பலாப்பால் என்று தெரிந்துவிட்டால் அதற்கான வைத்தியம் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதானே. எண்ணெயும் சூடும். எஞ்சினை ஐந்து சிலிண்டரிலேயே நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டார்கள். நான் விளக்கெண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்தேன். அதை இன்ஜெக்டரைச் சுற்றி ஊற்றி, அடங்கவிட்டு, மறுபடி ஊற்றினார். அப்புறம் அதை அழுத்திப் பிடித்திருக்கும் தகட்டின் நட்டுகளைக் கழற்றாமல் கொஞ்சம் மட்டும் தளர்த்திவிட்டார். "இனி நாம இழுக்க வேண்டியதில்ல. உள்ளே இருக்கற அழுத்தமே வெளியே தள்ளிரும். எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லி, அந்தம்மாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

எஞ்சின் இரண்டு சுற்று சுற்றியது. 'டொப்' என்று ஒரு சத்தம். தகட்டுக்கு அடியில் இன்ஜெக்டர் எழும்பி நின்றது. அவர் துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக உருவி எடுத்தார். பாதி உடம்புக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது சனியன். எஸ்டேட் முழுக்கப் பலா வாசனை. அடியில் இருந்த செம்பு வாஷர் தேய்ந்திருந்ததால்தான் முதலில் கசிவே வந்திருக்கிறது. அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மெதுவாக்கி, திரும்பவும் போட்டு மாட்டினார். கார் இருமாமல் ஓடியது. அந்தம்மா கை தட்டினார். நான் மனசுக்குள் எட்டுக்கை அம்மனுக்குக் கும்பிடு போட்டேன்.

அப்போதுதான் அந்தம்மா சாவிக்கொத்தை என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டாமல் என் பக்கம் நீட்டினார். "நாளைக்கு உங்களுக்குத் தலை ஆடியாமே. லாரியில எதுக்குப் போறீங்க? ரெண்டு பேரும் இதுலயே போங்க. மலை எறங்கி ஏறுனாத்தான் வாஷர் நிக்குதான்னும் தெரியும்."

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். ஆனால் அன்று படுத்தபிறகுதான் என் புத்தி வேலை செய்தது. காரைக் கொடுத்தால், அதைத் திருப்பிக் கொண்டுவர இவர் போய்த்தானே ஆக வேண்டும்? நான் கீழே இருப்பேன். இவர் நேராக அந்தம்மா வாசலில் போய் இறங்குவார். சாவி கொடுத்ததற்கே இதுதான் காரணம்! எனக்கு மறுபடியும் தூக்கம் போய்விட்டது.

ஆனாலும் அந்தப் பயணத்தை மறுக்க முடியாது. முகத்தில் காற்று அடிக்க, வளைவுக்கு வளைவு அடிவாரம் கிட்டக் கிட்ட வர, அவர் பக்கத்தில் நான். இரண்டே சீட்டு. மூன்றாவதாக ஒரு ஈகூட உட்கார முடியாது. பந்தயக் காரைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் மகராசனாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சேந்தமங்கலத்துக்குள் நுழைந்ததும் தெருவே திரண்டுவிட்டது. என் வாழ்க்கையிலேயே பெருமையான நேரம் என்று பட்டுப்புடவையைச் சரி செய்துகொண்டு இறங்கினேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை! எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். அப்பா மாப்பிள்ளையை வாங்க என்று சொல்வதற்கு முன்னால் பானெட்டைத் தடவிப் பார்த்தார். ஆரத்தித் தட்டோடு வந்த அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சுற்றிவிட்டு, மிச்சத்தைக் காருக்கும் சுற்றி, விளக்குக்கு விளக்கு பொட்டு வைத்தாள். என் தலை ஆடி ஆரத்தியில் பாதி அந்தத் தவளைக்குப் போயிற்று.

இருட்டுவதற்குள் அவர் மலையேற வேண்டும் என்பதால் அன்றைக்கு வெயில் இருக்கும்போதே தேங்காய் சுட்டோம். அவர் கிளம்பும்போது, "கார் குடுத்த புண்ணியவதிக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக் குடு சாமி" என்றாள் அம்மா. நான் பொறுக்கினேன். இருந்ததிலேயே சின்னது. ஒரு பக்கம் ஓட்டோடு கரிந்தது. அதைத்தான் நல்ல துணியில் கட்டிக் கொடுத்தேன். கார் தெருமுனை திரும்பி மறைந்ததும், விருந்தாளிகளை விட்டுவிட்டுப் புழக்கடைக்குப் போய் அழுதேன். கேட்டவர்களுக்குப் புகை என்று சொன்னேன்.

மறுநாள் காலை வாசலில் அதே கார்ச் சத்தம். ஓடிவந்து பார்த்தால், ஓட்டுகிற இடத்தில் அந்தம்மா. பக்கத்துச் சீட்டில் அவர் இல்லை. ஒரு பெரிய பலாப்பழம் உட்கார்ந்திருந்தது.

அம்மா உள்ளே வரச் சொன்னாள். "இல்லீங்கம்மா, கோயமுத்தூர் வரைக்கும் போகணும்" என்று சொல்லிவிட்டு, பழத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அம்மா காப்பி போட உள்ளே போனதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "தேங்காய் நல்லாக் கரிஞ்சிருந்துச்சுங்க அம்மணி" என்றார். எனக்குப் பலாப்பழத்தோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"உங்க ஊட்டுக்காரரு நேத்து வந்ததும் சாவியக் காவல்காரர் கையில குடுத்துட்டு, வாசல்ல நின்னபடியே போயிட்டாரு. நானும் மலைய விட்டு எறங்கிட்டேன். இனி ஆவணி பொறந்துதான் ஏறுவேன். அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"எதுக்குங்க... எஸ்டேட் வேலையெல்லாம்..." என்று நான் உளறினேன்.

"வேலை எங்க போகுது. பொறந்த ஊட்டுல ஆடி பூரா உக்காந்திருக்கறப்போ மனசு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியுமுங்க. எனக்கும் ஒரு தலை ஆடி வந்துச்சு. என்னைக் கட்டுனவரு இன்னொரு இடத்துல மனசை வெச்சுட்டாரு. ஆவணியில என்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரலைங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க நிம்மதியாத் தூங்குங்க கண்ணு."

அம்மா காப்பி கொண்டுவருவதற்குள் கார் போய்விட்டது.

ஆவணி முதல் நாளே என் வீட்டுக்காரர் வந்து நின்றார், தலை வாராமல். அந்தம்மாவை அதற்குப் பிறகு நான் நேரில் பார்க்க வாய்க்கவில்லை. ரோடு வேலை முடிந்து நாங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டோம், அவரும் எஸ்டேட்டை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். என் குணம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் என் புருஷனுக்கு யார் டீ கொடுத்தாலும் சர்க்கரை வரை விசாரிக்கத்தான் செய்கிறேன். ஆனால் ஒவ்வோர் ஆடி ஒன்றாம் தேதியும் இருப்பதிலேயே பெரிய தேங்காயாகப் பொறுக்கி, கரியவிடாமல் திருப்பித் திருப்பிச் சுட்டு, அதை யாரையும் தொடவிடாமல் தனியே எடுத்து வைக்கிறேன். தனக்குக் கிடைக்காத ஓர் ஆவணியை எனக்குப் பத்திரமாக விட்டுவிட்டுப் போனவளுக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.